ஒரே மாடல், வேறு பேனல்: கண்ணை வலிக்க வைக்கிற லேப்டாப்பை என்ன செய்யலாம்?

ஒரே மாடல், ஒரே விலை, பெட்டியில் ஒரே வாசகம். இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூடியில் இருக்கிற லோகோவிலிருந்து அடியில் இருக்கிற ஸ்குரூ வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒன்றில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து வேலை பார்க்க முடியும், இன்னொன்றில் ஒரு மணி நேரம் எக்செல் பார்த்தாலே கண் உறுத்த ஆரம்பித்து, நெற்றிப்பொட்டு வலித்து, மதியத்துக்குமேல் தலை பாரமாகிவிடும். வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. "என்னிடமும் அதே லேப்டாப்தான் இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். அவர்களிடம் இருப்பது அதே லேப்டாப்தானா என்பதே சந்தேகம் என்பதுதான் விஷயம்.

லேப்டாப் விற்கிற கம்பெனிகளில் பெரும்பாலானவை ஸ்கிரீன் பேனலைத் தாங்களே செய்வதில்லை. கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே, தைவானின் ஏயூஓ, இன்னோலக்ஸ், சீனாவின் பிஓஇ, சிஎஸ்ஓடி, ஜப்பானின் ஷார்ப் என்று கொஞ்சம் பேர்தான் உலகத்துக்கே செய்கிறார்கள். ஒரு மாடலுக்கு ஒரே ஆளிடம் பேனல் வாங்கினால் சப்ளை நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது, விலையும் பேச முடியாது. அதனால் இரண்டு, மூன்று பேரிடம் வாங்குவார்கள். "14 அங்குலம், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ், 300 நிட்ஸ், ஆன்டி கிளேர்" என்ற ஒரு வரி அத்தனை பேனலுக்கும் பொருந்தும். கண்ணுக்கு முக்கியமான சங்கதி எதுவும் அந்த வரியில் இருக்காது.

இது புதிதாக முளைத்த பிரச்சினையும் இல்லை. 2012-இல் ஆப்பிள் முதல் ரெட்டினா மேக்புக் புரோவை விட்டபோது சிலவற்றில் எல்ஜி பேனல், சிலவற்றில் சாம்சங் பேனல். எல்ஜி பேனல் வந்தவர்களில் பலர், ஒரே படம் கொஞ்ச நேரம் ஸ்கிரீனில் நின்றால் அதன் தடம் அப்படியே தங்கிவிடுகிறது என்று புகார் சொன்னார்கள், அடுத்த வருடம் அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது. அது கண் வலி விவகாரம் அல்ல. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற பொருளிலும் பேனல் யாருடையது என்பதை வாங்குகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம்.

நான் ஒரு சின்ன அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரே ஆர்டரில் வந்த லேப்டாப்களில் கணக்குப் பிரிவு அக்காவுக்குக் கொடுத்ததில் மட்டும் தலைவலி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடையதையும் பக்கத்து மேசையில் இருந்ததையும் எடுத்து வைத்து, இரண்டிலும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்து, போன் கேமராவை புரோ மோடில் போட்டு ஷட்டரை 1/4000-க்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பக்கத்து மேசை லேப்டாப் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. அக்காவுடையதில் விரல் தடிமனுக்குக் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தன. பிரைட்னஸை முழுதாக ஏற்றினால் பட்டைகள் காணாமல் போயின, இறக்க இறக்கக் கறுப்பு அகலமாகிக்கொண்டே வந்தது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் இரண்டு பேனலும் வேறு வேறு கம்பெனி.

அந்தப் பட்டைகளுக்குக் காரணம் பிடபிள்யூஎம் (பல்ஸ் விட்த் மாடுலேஷன்). எல்சிடி ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கிற எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, போகிற மின்சாரத்தையே குறைப்பது, இதை டிசி டிம்மிங் என்பார்கள். இன்னொன்று, விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, படபடவென்று அணைத்து அணைத்துப் போடுவது, இதுதான் பிடபிள்யூஎம். 200 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் உள்ள பேனலில் பாதி பிரைட்னஸ் வைத்தால், நொடிக்கு 200 தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டரை மில்லிசெகண்ட் விளக்கு முழுதாக அணைந்திருக்கிறது. நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால் படிக்கும்போது கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை, சொல்லுக்குச் சொல் தாவுகிறது. அந்தத் தாவலின்போது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட துடிப்பைக்கூட மனிதர்கள் உணர்கிறார்கள் என்று ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு தலைவலி தருமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது டியூப்லைட் கதையை. 1989-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில், அலுவலக டியூப்லைட்டுகளை நொடிக்கு 100 தடவை துடிக்கிற சாதாரண சோக்கிலும், சுமார் 32,000 ஹெர்ட்ஸில் ஓடுகிற எலக்ட்ரானிக் சோக்கிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எப்போது எது ஓடுகிறது என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் சோக் ஓடிய காலத்தில் தலைவலியும் கண் வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. மேல் மாடிகளில், இயற்கை வெளிச்சம் அதிகமாக வரும் இடங்களில், தலைவலி குறைவாக இருந்தது என்றும் அதிலேயே குறித்திருக்கிறார்கள். எல்இடி விளக்குகளுக்காக 2015-இல் வந்த, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1789 பரிந்துரையும் இதையொட்டியதுதான். அதன் கணக்குப்படி 200 ஹெர்ட்ஸில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் 16 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஆபத்து குறைவு. முழுதாக அணைந்து எரிகிற பிடபிள்யூஎம்மில் ஏற்ற இறக்கம் 100 சதவீதம், அதற்கு 1,250 ஹெர்ட்ஸாவது வேண்டும். 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் கவலையே இல்லை என்கிறது. அது அறை விளக்குகளுக்கு எழுதியது, ஸ்கிரீனுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் கையில் இருக்கிற அளவுகோலில் நல்லது இது.

பிடபிள்யூஎம் மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். சில பேனல்கள் உள்ளுக்குள் 6 பிட்தான், ஒரு நிறத்துக்கு 64 படிகள்தான் காட்டும். 8 பிட் மாதிரி தெரிவதற்காகப் பக்கத்துப் பக்கத்து நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிப் போடும். எஃப்ஆர்சி என்கிற இதைப் போன் கேமராவில் பிடிக்க முடியாது. இதனாலேயே கண் வலிக்கிறது என்று அடித்துச் சொல்கிற பயனர்கள் இருக்கிறார்கள், பிடபிள்யூஎம் அளவுக்கு இதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்றாலும் நான் அவர்களைத் தள்ளிவிட மாட்டேன். அப்புறம் மேட் கோட்டிங். சில பேனல்களில் அது சொரசொரப்பாக இருந்து, வெள்ளைப் பின்னணியில் பொடி மினுமினுப்பாகத் தெரியும், எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்காமல் கண் திரும்பத் திரும்ப ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும். இது தவிர, ஸ்கிரீனில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து பிரைட்னஸைத் தானே ஏற்றி இறக்குகிற அம்சம் ஒன்று இருக்கிறது. கறுப்பு விண்டோவிலிருந்து வெள்ளை விண்டோவுக்கு மாறினால் ஸ்கிரீன் மெதுவாக வெளிச்சம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பேனலின் குறை இல்லை, பெரும்பாலும் செட்டிங்ஸில் நிறுத்திவிடலாம்.

முதலில் கண்ணா, பேனலா?

பணம் செலவு செய்வதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கேமராச் சோதனையை நூறு, ஐம்பது, இருபது சதவீத பிரைட்னஸில் தனித்தனியாகச் செய்யுங்கள். சில பேனல்கள் பாதிக்குக் கீழே போனால்தான் துடிக்க ஆரம்பிக்கும். ஷட்டரை மாற்ற முடியாத போன் என்றால் இருட்டறையில் வெள்ளை ஸ்கிரீன் முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் வழுவழுப்பான மங்கலாகத் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பென்சில்களாகச் சிதறித் தெரிந்தால் துடிப்பு இருக்கிறது.

அடுத்து, அதே லேப்டாப்பில் ஒரு வெளி மானிட்டரைச் செருகி, லேப்டாப் ஸ்கிரீனை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலையை அதில் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வலி போய்விட்டால் குற்றவாளி பேனல், லேப்டாப்பின் மற்ற பாகங்கள் மேல் தப்பில்லை. மானிட்டரிலும் அதே வலி என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கமோ உங்கள் கண் பக்கமோ பார்க்க வேண்டும், அந்த நிலையில் பேனலை மாற்றுவது வீண் செலவு.

கண் டாக்டரை இதே வாரத்திலேயே பார்த்துவிடுங்கள், கடைசிப் புகலிடமாக வைக்க வேண்டாம். நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு வெள்ளெழுத்து ஆரம்பித்திருக்கும், பலருக்கு அது தெரியாது. படிக்கிற கண்ணாடி சாதாரணமாக 40 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது, லேப்டாப் ஸ்கிரீனோ 50, 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அளந்துகொண்டு போய் அந்தத் தூரத்தைச் சொல்லுங்கள். ஸ்கிரீனைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறையும், ஏசி அறையில் கண் காய்ந்துபோகும், அதற்குச் சொட்டு மருந்தே போதுமானதாக இருக்கலாம். நீல ஒளி தடுக்கும் கண்ணாடியைத் தலையில் கட்டினால் மட்டும் மறுத்துவிடுங்கள். 2023-இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அதனால் பெரிதாகப் பயன் இருக்காது என்றுதான் சொன்னது.

பேனல் எது என்று பார்ப்பது சுலபம். டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் என்பதற்குக் கீழே இருக்கிற பெயரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ் என்று போங்கள். மூன்றெழுத்துக் குறியீடும் அதை ஒட்டி நாலு இலக்கமும் வரும். ஏயூஓ, பிஓஇ, எல்ஜிடி என்பவை பார்த்தாலே புரியும். சிஎம்என் என்றால் இன்னோலக்ஸ், எஸ்ஹெச்பி என்றால் ஷார்ப், எஸ்டிசி (SDC) என்றால் சாம்சங். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பேனல் தயாரான வாரத்தையும் வருடத்தையும்கூடக் காட்டும். குறியீட்டை வைத்து "இந்தக் கம்பெனி நல்லது, அந்தக் கம்பெனி மோசம்" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே கம்பெனியே துடிக்கிற பேனலும் செய்கிறது, துடிக்காத பேனலும் செய்கிறது. முழுப் பார்ட் நம்பர்தான் கணக்கு.

சரி, பேனல்தான் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன?

திருப்பிக் கொடுத்து அதே மாடல் வாங்குவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஏழு நாளைக்குள் மாற்றித் தருகிற வசதிதான், பணம் திரும்பக் கிடைப்பது அபூர்வம். அதற்கும் ஒரு டெக்னீஷியன் வந்து பார்த்து குறை இருக்கிறது என்று எழுத வேண்டும். "கண் வலிக்கிறது" என்பதை அவருடைய படிவத்தில் எழுத இடமில்லை. கேமராவில் பட்டை ஓடுகிற வீடியோவைக் காட்டினாலும் "ஸ்பெக்கில் இல்லாத எதையும் நாங்கள் தரவில்லை" என்பார்கள், அதுவும் உண்மைதான். மாற்றிக் கொடுத்தாலும் ஒரே கிடங்கிலிருந்து ஒரே லாட்டில் வருவது, அதே பேனலாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வீஸ் சென்டரில் வாரன்டியில் பேனல் மாற்றினாலும் இதே கதை, அவர்களுக்கு அந்த மாடலுக்குப் பொருந்துகிற எந்தப் பேனலும் சரிதான், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்க மாட்டார்கள்.

இருந்தாலும் ஏழு நாள் இன்னும் முடியவில்லை என்றால் முயற்சி செய்யுங்கள், இலவசமாகக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு அது. பெட்டியைத் திறந்த முதல் நாளே கேமராச் சோதனையைச் செய்து, குறியீட்டைக் குறித்துக்கொண்டுவிடுங்கள். பணமே திரும்பக் கிடைக்கிற கடையில் வாங்கியிருந்தால், அதே மாடலை மறுபடி எடுக்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு மாடலுக்குப் போவது நல்லது.

செலவில்லாமல் சமாளிப்பது

துடிக்கிற பேனல்கள் பெரும்பாலும் முழு பிரைட்னஸில் துடிக்காது. எனவே பிரைட்னஸை நூறிலேயே விட்டுவிட்டு, மென்பொருளால் படத்தை மங்கலாக்கலாம், அதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பிடபிள்யூஎம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இது உண்மையிலேயே வேலை செய்யும், அக்காவுக்கு அன்றைக்கே நான் செய்து கொடுத்தது இதைத்தான், தலைவலி நன்றாகவே குறைந்தது. பதிலுக்கு இழப்பதும் உண்டு. பேட்டரி சீக்கிரம் இறங்கும், கறுப்பு சாம்பலாகத் தெரியும், ராத்திரி அறையில் விளக்கை அணைத்துவிட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அதுவும் கூசும். அவர்களுக்கு நான் சொல்வது, ஸ்கிரீனை மங்கலாக்குவதற்குப் பதில் அறை விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்கிரீனுக்குப் பின்னால் சுவரில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கு இன்னும் நல்லது.

பழைய இன்டெல் லேப்டாப்களில் துடிப்பின் வேகத்தையே டிரைவர் வழியாக 200-லிருந்து ஆயிரம், இரண்டாயிரத்துக்கு ஏற்ற முடிந்தது, பழைய திங்க்பேட் வைத்திருக்கிறவர்கள் அதற்கான சின்ன மென்பொருளைத் தேடிப் பாருங்கள். புதிய லேப்டாப்களில் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. எம் வரிசை சிப் உள்ள மேக்கில் டிதரிங்தான் (எஃப்ஆர்சி மாதிரி நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிப் போடுவது) உறுத்துகிறது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஸ்டில்கலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிராஃபிக்ஸ் சிப் செய்கிற டிதரிங்கை அது நிறுத்தும், பேனலே செய்வதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

எழுத்தைப் பெரிதாக்குவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 14 அங்குல ஃபுல் ஹெச்டியில் ஓர் அங்குலத்துக்கு 157 புள்ளிகள், நூறு சதவீத ஸ்கேலிங்கில் எழுத்து பொடியாக இருக்கும். 125 அல்லது 150 வையுங்கள். இதனால் எந்தப் பேனலும் நல்ல பேனலாகிவிடாது, ஆனால் கண்ணுக்கு ஒரு சுமை குறையும்.

வெளி மானிட்டர்

வேலையில் முக்கால்வாசி நேரம் ஒரே மேசையில் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. பத்தாயிரம் ரூபாய் அளவில் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் கிடைக்கிறது, ஃப்ளிக்கர் ஃப்ரீ என்று போட்டிருப்பவை இந்த விலையிலேயே நிறைய இருக்கின்றன. கடையில் ஓடிக்கொண்டிருக்கிற மானிட்டரில் பிரைட்னஸைக் குறைத்து உங்கள் போனாலேயே சோதித்துவிட்டு வாங்கலாம், லேப்டாப்பில் எந்தக் கடைக்காரரும் இவ்வளவு நேரம் தர மாட்டார். லேப்டாப்பைத் திறக்க வேண்டாம், வாரன்டிக்குப் பங்கமில்லை, அடுத்த லேப்டாப் வந்தாலும் மானிட்டர் அப்படியே இருக்கும். கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் தூரம் கூடுவதும், கழுத்து குனியாமல் இருப்பதும் தனி லாபம்.

24 அங்குல ஃபுல் ஹெச்டியில் அங்குலத்துக்கு 92 புள்ளிதான், லேப்டாப் ஸ்கிரீனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எழுத்து கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். நாள் முழுக்க எழுத்து மட்டுமே பார்க்கிற வேலை என்றால் 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 எடுத்தால் 109 ஆகும், அந்தக் கூடுதல் செலவு தகும். இ-இங்க் மானிட்டரும் இருக்கிறது, பின்விளக்கே வேண்டாம் என்பவர்களுக்கு. விலை லேப்டாப்பையே எட்டிவிடும், ஸ்க்ரோல் செய்தால் இழுக்கும். எதை முயன்றும் தீராதவர்களுக்கு மட்டும் அது.

ஹாஸ்டலில் கட்டிலில் உட்கார்ந்து படிக்கிற மாணவருக்கும், வாரத்துக்கு மூன்று நாள் பயணத்தில் இருக்கிறவருக்கும் மானிட்டர் உதவாது. அவர்களுக்கு அடுத்தது.

பேனலை மாற்றுவது

வாரன்டி முடிந்த லேப்டாப், மற்றபடி நன்றாக ஓடுகிறது, திறந்து பார்க்கிற மாதிரி கட்டமைப்பு என்றால், எனக்கு மிகவும் பிடித்த வழி இது. துடிப்பில்லாத பேனல் எது என்று தேடிப் பார்த்து, அதே பார்ட் நம்பரை வாங்கிப் போடுகிறோம், அதிர்ஷ்டத்துக்கு இதில் இடம் குறைவு. நோட்புக்செக் தளம் ஒவ்வொரு லேப்டாப் விமர்சனத்திலும் அவர்களுக்கு வந்த பேனலின் பெயரையும், அது துடிக்கிறதா, எத்தனை ஹெர்ட்ஸ் என்பதையும் அளந்து போடுகிறது. விமர்சனத்தை மாடலுக்காகப் படிக்காமல் பேனலுக்காகப் படியுங்கள், வேறு ஒரு லேப்டாப்பில் வந்த நல்ல பேனல் உங்களுடையதில் பொருந்தலாம்.

பார்ட் நம்பரை வாசிக்கத் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். ஏயூஓவில் பி140ஹெச்ஏஎன் என்று ஆரம்பித்தால் 14 அங்குல ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் வகை, பி140ஹெச்டிஎன் (B140HTN) என்றால் டிஎன் வகை, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். பிஓஇயில் என்வி என்று ஆரம்பித்தால் ஐபிஎஸ் வகை, என்டி (NT) என்றால் டிஎன். சென்னை ரிச்சி தெருவில் "14 இன்ச் எஃப்எச்டி ஸ்லிம் 30 பின்" என்று கேட்டால் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்துத் தருவார்கள். முழு நம்பரை எழுதிக்கொண்டு போய், பேனலைத் திருப்பி, பின்னால் பார்கோடுக்கு மேலே அச்சடித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் வருகிற இரண்டு எழுத்து வித்தியாசமாக இருந்தாலும் கேளுங்கள்.

பொருந்துமா என்று பார்க்க வேண்டியது நாலு: அளவு, கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, கனெக்டர் இடப்பக்கமா வலப்பக்கமா, ஓரத்தில் ஸ்குரூ போடும் காது இருக்கிறதா. பேனலுக்குள்ளேயே டச் சேர்ந்து வருகிறவை, 120 ஹெர்ட்ஸ் வகைகள் பெரும்பாலும் 40 பின், சாதாரண 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி 30 பின். மாற்றும்போது எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று, அதில் கோட்டை விட்டால் மதர்போர்டே போய்விடும்: பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் கேபிளில் கை வைக்கக் கூடாது. மின்சாரம் இருக்கும்போது கேபிள் கோணலாகச் செருகப்பட்டால் பின்விளக்குக்கான ஃபியூஸ் எரிந்துவிடும். ஸ்கிரீனைச் சுற்றி இருக்கிற சட்டத்தை (பெசல்) உலோக ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் தகட்டால் கீழ் மூலையிலிருந்து ஆரம்பித்தால் கிளிப்கள் ஒவ்வொன்றாக "டிக்" என்று விடும். புதிய மாடல்களில் பேனலின் இரு பக்கமும் ஒட்டு நாடா இருக்கும், அதன் நுனியைப் பிடித்துக் கிடைமட்டமாக, நிதானமாக, ரப்பர் மாதிரி நீளவிட்டு இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்துவிட்டால் பேனலை நெம்பி எடுக்கும்போது உடையும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் கடைக்காரரையே மாற்றச் சொல்லுங்கள், கூலி அதிகம் இல்லை, பேனலும் சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

மூடியோடு சேர்த்துக் கண்ணாடி ஒட்டி வருகிற மெல்லிய லேப்டாப்கள், மேக்புக், சர்ஃபேஸ் வகைகளில் இந்த வழி கிடையாது. முழு மூடியையும் மாற்ற வேண்டும், அந்தக் காசுக்கு வேறு லேப்டாப்பை யோசிக்கலாம்.

யாரிடமாவது மாற்றிக்கொள்வது

அலுவலகத்தில் இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம். துடிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி உறைப்பதில்லை. ஒருவருக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்புகிற ஸ்கிரீனில் இன்னொருவர் வருடக்கணக்கில் நிம்மதியாக வேலை பார்ப்பார், இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். அக்காவின் லேப்டாப்பைக் கடைசியில், எப்போதும் மானிட்டரில் செருகியே வைத்திருக்கிற தம்பி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடையதை அக்காவுக்குக் கொடுத்தோம். ஒரு பைசா செலவில்லை. இப்போது எந்த லேப்டாப் வந்தாலும் சீரியல் நம்பருக்குப் பக்கத்தில் பேனல் குறியீட்டையும், கேமராவில் பட்டை தெரிகிறதா இல்லையா என்பதையும் எழுதி வைத்துவிடுகிறேன். நீங்கள் ஊழியராக இருந்தால் ஐடி ஆட்களிடம் "வேறு லேப்டாப் வேண்டும்" என்று கேட்பதைவிட "இதே மாடலில் வேறு பேனல் உள்ளது ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள், புதிதாக வாங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால் சரி என்று சொல்வது அவர்களுக்கும் சுலபம்.

வேறு லேப்டாப்பே வாங்குவது

எல்லா வழியும் அடைபட்டு, வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஓஎல்இடி (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஸ்கிரீன்) பக்கம் போகாமல் இருப்பது என் யோசனை. கறுப்பு அழகாக இருக்கும், கடையில் பார்த்தால் மனம் போகும். ஆனால் லேப்டாப் ஓஎல்இடிகளில் 240 ஹெர்ட்ஸ் அளவிலான துடிப்பு சாதாரணம், புதியவற்றில் 480 பார்க்கலாம், இரண்டுமே மேலே சொன்ன 1,250-க்கு வெகு கீழே. ஆசூஸ் தன் ஓஎல்இடி மாடல்களில் துடிக்காமல் மங்கலாக்க ஒரு தனி ஸ்லைடர் தருகிறது, பிரைட்னஸை உயரத்தில் வைத்து அதை இழுத்துக்கொள்ள வேண்டும். ஓஎல்இடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவர்கள் அந்த மாதிரி வசதி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். 2021-இலிருந்து வருகிற 14, 16 அங்குல மேக்புக் புரோவின் மினி எல்இடியும் துடிக்கிறதுதான், ஆனால் சுமார் 15,000 ஹெர்ட்ஸ், பலருக்கு அது பிரச்சினை செய்வதில்லை, கூர்மையான கண்ணுள்ள சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

பழைய ரீஃபர்பிஷ்டு திங்க்பேட் மாதிரி பேனலைச் சுலபமாக மாற்றக்கூடிய லேப்டாப் எடுத்தால், எந்தப் பேனல் வந்தாலும் மேலே சொன்ன வழி திறந்தே இருக்கும். அதனால் கண் விஷயத்தில் அடிபட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். புதிதாகவே வேண்டும் என்றால் ஆன்லைனில் எடுக்காமல் கடைக்குப் போய், டிஸ்ப்ளேயில் இருக்கிற பீஸைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்களுக்குத் தரப்போகிற பெட்டியைப் பிரித்து ஆன் செய்த உடனே, பில் போடுவதற்கு முன்னால், பிரைட்னஸை இறக்கி போனை அதன் முன் பிடித்துப் பாருங்கள். பட்டை ஓடினால் அடுத்த பெட்டியைக் கேளுங்கள், தர மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.